ஹாபி இதழில் எழுத்து வேலை, ஆய்வு வேலை: கல்லூரி முடித்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தபால்தலை, பறவை, பைக், கேமரா, மாடித்தோட்டம் என்று ஏதாவது ஒரு விருப்பத்தையே முழுக்கச் சுற்றி வரும் இதழ்களுக்கு எழுதுவதும், மற்றவர்கள் எழுதி அனுப்புவதைச் சரிபார்ப்பதும்தான் என் பிழைப்பு. படிப்பு முடித்த தம்பி தங்கைகள் புத்தகக் கண்காட்சியில் பார்த்தாலும், ஏரிக்கரையில் பைனாகுலரோடு பார்த்தாலும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஹாபி இதழ்னா எதைச் சொல்றீங்க? அதுல வேலைன்னு ஒண்ணு உண்மையிலேயே இருக்கா?

தமிழில் மோட்டார் விகடன் முழுக்க கார், பைக் பற்றியது. மாடித்தோட்டம் போடுகிறவர்கள் பசுமை விகடன் வாங்குகிறார்கள். அறிவியல் ஆர்வமுள்ள பிள்ளைகளுக்காகத் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987லிருந்து துளிர் வெளியிடுகிறது. ஆங்கிலத்தில் காட்டுயிருக்கு 1981ல் தொடங்கிய சாங்க்சுவரி ஏசியா, வண்டிகளுக்கு ஓவர்டிரைவ், ஆட்டோகார் இந்தியா என்று பட்டியல் இன்னும் நீளம். இவை தவிர, தபால்தலைச் சங்கங்களும் நாணயச் சங்கங்களும் உறுப்பினர்களுக்காக நடத்தும் சிறு இதழ்கள் ஏராளம்.

வேலை இருக்கிறது. ஆனால் மாதச் சம்பள இடங்கள் குறைவு. பல இதழ்களில் ஆசிரியர் குழு என்பதே நான்கைந்து பேர்தான். எழுதுவது, திருத்துவது, படத்துக்குக் குறிப்பு போடுவது எல்லாம் அவர்களேதான். அதனால் நேராக விண்ணப்பம் போட்டு உள்ளே போனவர்கள் குறைவு. வெளியிலிருந்து கட்டுரை கொடுத்துக்கொண்டே இருந்து, இடம் காலியானபோது கூப்பிடப்பட்டவர்கள்தான் அதிகம்.

நான் விஸ்காமோ ஜர்னலிசமோ படிக்கல, பி.எஸ்சி. தாவரவியல். எடுப்பாங்களா?

எடுப்பார்கள். தோட்டக்கலை இதழுக்குத் தாவரவியல் படித்தவர் கிடைத்தால் மகிழ்ச்சிதான். வண்டி இதழில் மெக்கானிக்கல் படித்தவரும், நாணய இதழில் வரலாறு படித்தவரும் இருப்பது வழக்கம். இதழியல் படிப்பு வீண் என்று சொல்லவில்லை. குறித்த நாளுக்குள் எழுதி முடிப்பதும் பேட்டி எடுப்பதும் அங்கே பழகிவிடும். ஆனால் கட்டுரையைக் கையில் எடுக்கும் ஆசிரியர் உங்கள் பட்டத்தைப் பார்ப்பதில்லை. இரண்டாவது பத்திக்குள் ஏதாவது தவறு கண்ணில் படுகிறதா என்றுதான் பார்க்கிறார்.

ஆய்வு வேலைன்னா பி.எச்டி. மாதிரியா? உட்கார்ந்து என்னதான் செய்வாங்க?

பி.எச்டி. மாதிரி இல்லை. அச்சுக்குப் போகும் ஒவ்வொரு பெயரும், தேதியும், எண்ணும் சரிதானா என்று பார்ப்பது பாதி வேலை. எழுதப்போகிறவருக்கு வேண்டிய ஆதாரங்களைத் தேடி எடுத்துத் தருவது மீதி.

ஒரு எடுத்துக்காட்டு சொல்கிறேன். தபால்தலை பற்றிய கட்டுரை ஒன்று வருகிறது. 'சுதந்திர இந்தியாவின் முதல் தபால்தலை 1947 ஆகஸ்ட் 15 அன்று வெளியானது' என்று இருக்கிறது. படித்தால் இயல்பாகத்தான் தோன்றும். தேசியக் கொடி போட்ட அந்த மூன்றரை அணா தலையைப் பெரிதாக்கிப் பார்த்தால், அதிலேயே 1947 ஆகஸ்ட் 15 என்ற தேதி அச்சாகியிருக்கும். எழுதியவர் அதைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் தலை வெளியானது அந்த ஆண்டு நவம்பர் 21 அன்று. அசோகர் தூண் சிங்கங்கள் போட்ட ஒன்றரை அணா தலையும், விமானம் போட்ட 12 அணா தலையும் டிசம்பர் 15 அன்று வந்தன. தலையில் இருக்கும் தேதி சுதந்திர நாளைக் குறிப்பது; வெளியான நாள் வேறு. இதைக் கண்டுபிடிக்க தபால்தலைப் பட்டியல் நூலைத் திறக்க வேண்டும், தலை வெளியான நாளிலேயே முத்திரை குத்தப்பட்ட உறையான பழைய முதல்நாள் உறை ஒன்றின் முத்திரையைப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் திருத்தலாம்.

அப்புறம் கட்டுரையாளருக்குப் போன் போட்டு, ஆதாரத்தைச் சொல்லி, அவர் ஒப்புக்கொண்ட பிறகு மாற்ற வேண்டும். சொல்லாமல் மாற்றினால் அவர் அடுத்த கட்டுரை தர மாட்டார். ஆய்வு வேலையில் பாதி மனிதர்களோடு பேசுவதுதான்.

கூகுள்ல தட்டினா எல்லாம் வருதே, இப்ப ஏ.ஐ. வேற இருக்கு. இதுக்கு எதுக்கு ஒரு ஆள்?

ஒரே தவறு நூறு இடத்தில் இருந்தால், தேடும்போது நூறு முறையும் அதுதான் வரும். வேடந்தாங்கலை எடுத்துக்கொள்ளுங்கள். 'சைபீரியாவிலிருந்து பறந்து வந்து இங்கே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் பறவைகள்' என்ற வரியை எத்தனையோ சீசன்களாகப் பார்த்துவிட்டேன். அங்கே மரங்களில் கூடு கட்டும் மஞ்சள் மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா எல்லாம் தெற்காசியாவிலேயே வாழ்பவை; மழையையும் ஏரித் தண்ணீரையும் பார்த்து இடம் மாறுபவை. வடக்கே தொலைதூரத்திலிருந்து வரும் நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் குளிர்காலத்தைக் கழித்துவிட்டுத் திரும்பிவிடும், இங்கே கூடு கட்டுவதில்லை. இரண்டு கூட்டத்தையும் ஒன்றாக்கியதில் பிறந்த வரி அது. அச்சில் இருந்து வலைக்குப் போய், வலையிலிருந்து மறுபடி அச்சுக்கு வந்துகொண்டே இருக்கிறது.

ஏ.ஐ.யும் அந்த நூறு இடத்தைப் படித்து வளர்ந்ததுதான். எங்கே தேடலாம் என்று யோசிக்க, நீண்ட ஆங்கில அறிக்கையில் எந்தப் பக்கம் முக்கியம் என்று பார்க்கப் பயன்படுத்துங்கள். அது தந்த தேதியையோ பெயரையோ மூலத்தில் பார்க்காமல் கட்டுரையில் வைக்காதீர்கள்.

மூலம் மூலம்னு சொல்றீங்க, அதை எங்க போய்ப் பார்க்கிறது? நான் சென்னைல இல்ல.

ஊரிலிருந்தபடியே நிறையப் பார்க்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் பழைய நூல்களும் இதழ்களும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. இலங்கையில் வெளியான தமிழ் நூல்கள், இதழ்களுக்கு 2005ல் தொடங்கிய 'நூலகம்' என்ற மின்நூலகத் திட்டம் இருக்கிறது. பறவை என்றால், பறவை பார்ப்பவர்கள் தாங்கள் கண்டதைப் பதிவு செய்யும் இ-பேர்ட் தளத்தில் எந்த மாவட்டத்தில் எந்த மாதம் எது பதிவாகியிருக்கிறது என்று பார்க்கலாம். தபால்தலை என்றால், புதிய நினைவுத் தலை வரும்போது அஞ்சல் துறை ஒரு மடிப்பிதழ் தருகிறது. எத்தனை அச்சடித்தார்கள், எந்த அச்சகம் என்ற விவரம் அதில் இருக்கும். தலைமை அஞ்சலகத்தில் தபால்தலைப் பிரிவு இருக்கும் ஊராக இருந்தால், ஒருமுறை போய்ப் பேசிப் பழகிக்கொள்ளுங்கள்.

சென்னைக்கு வரும் வாய்ப்புக் கிடைத்தால் இரண்டு இடங்களை விடாதீர்கள். எழும்பூர் கன்னிமாரா நூலகம் 1896ல் திறக்கப்பட்டது. நாட்டில் அச்சாகும் நூல்களின் படி வந்து சேரவேண்டிய நான்கு நூலகங்களில் அதுவும் ஒன்று. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரில் ஒரு தனிமனிதர் ஆசையோடு சேர்த்த சேகரிப்பிலிருந்து வளர்ந்தது. பழைய தமிழ் இதழ் வேண்டுமென்றால் அங்கேதான் முதலில் கேட்பேன்.

அரசு அலுவலகத்தில் இருக்கும் தகவல் என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள். இதழின் கடைசி நாளைக் கணக்குப் போட்டு முன்கூட்டியே மனு கொடுங்கள். கேள்வியைச் சுருக்கமாக, ஆண்டு குறிப்பிட்டுக் கேட்டால்தான் உருப்படியான பதில் வரும்.

இதுவரைக்கும் ஒரு வரிகூட அச்சுல வரல. மாதிரின்னு எதைக் காட்டுறது?

யாருக்கும் காத்திருக்காமல் மூன்று கட்டுரை எழுதுங்கள். ஒன்று உங்கள் ஊரில் அந்த ஹாபியில் ஊறிய ஒருவரின் பேட்டி. ஒன்று செய்முறை. ஒன்று தேடிப்பிடித்து எழுதியது, ஒவ்வொரு தகவலும் எங்கிருந்து வந்தது என்ற குறிப்போடு. மூன்றாவது மிக முக்கியம். ஆதாரக் குறிப்பைத் தனித் தாளில் இணைத்து அனுப்புகிறவர்கள் மிகக் குறைவு; அனுப்பியவரை ஆசிரியர் மறக்க மாட்டார்.

சங்க இதழ்களையும் சின்னதாக நினைக்காதீர்கள். அவற்றை நடத்துகிறவர்கள் எழுத ஆள் கிடைக்காமல் தவிக்கிறார்கள். படிக்கிறவர்களோ அந்தத் துறையைக் கரைத்துக் குடித்தவர்கள். அங்கே ஒரு கட்டுரை தப்பில்லாமல் வந்தால் அது நல்ல சான்று. தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரையை ஆதாரங்களோடு வளர்த்தெடுத்தாலும் காட்டலாம், நீங்கள் செய்த ஒவ்வொரு திருத்தமும் அங்கே பதிவாகியிருக்கும்.

"எனக்கு எழுத்தில் ஆர்வம், வாய்ப்பு தாருங்கள்"னு நாலு இதழுக்கு மெயில் போட்டேன். ஒருத்தரும் பதில் போடல. என்ன தப்பு?

ஆர்வம் இருக்கிறது என்பதை வைத்து ஆசிரியரால் எதுவும் செய்ய முடியாது. அவருக்கு அடுத்த இதழில் ஒரு பக்கம் நிரம்ப வேண்டும். ஒரு குறிப்பிட்ட கட்டுரையை, நீங்கள் எழுதித் தரக்கூடிய கட்டுரையை, அவர் முன் வையுங்கள். ஏறக்குறைய இப்படி:

"வணக்கம். உங்கள் இதழின் மாடித்தோட்டப் பகுதியைத் தொடர்ந்து படிக்கிறேன். லாரித் தண்ணீரை நம்பியிருக்கும் தெருக்களில் மாடித்தோட்டக்காரர்கள் கோடையை எப்படிக் கடக்கிறார்கள் என்று எழுத விரும்புகிறேன். எங்கள் பகுதியில் மூன்று வீடுகளில் பேசிவிட்டேன். ஒருவர் ஏ.சி.யில் வடியும் தண்ணீரைக் குடத்தில் பிடித்து ஊற்றுகிறார். இன்னொருவர் தொட்டிகளில் தென்னை நார்க்கழிவைக் கலந்து, மேலே காய்ந்த இலையைப் பரப்பியிருக்கிறார். மூன்றாமவர் கோடையில் கீரையை நிறுத்திவிட்டுப் பிரண்டையும் கற்றாழையும் மட்டும் வைத்துக்கொள்கிறார். வேளாண் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரிடம் கருத்துக் கேட்க இருக்கிறேன். 800 சொற்கள், நான் எடுத்த நான்கு படங்கள். ஏப்ரல் இதழுக்குப் பொருந்தும். மார்ச் 5க்குள் தருகிறேன்."

அவ்வளவுதான். தலைப்புவரியில் 'கட்டுரை யோசனை: லாரித் தண்ணீரில் மாடித்தோட்டம்' என்று போடுங்கள். அனுப்பும் முன் அந்த இதழின் கடந்த ஓராண்டைப் புரட்டி, இதே விஷயம் வந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கட்டுரையை யூனிகோடில் தட்டி அனுப்புங்கள். வேறு எழுத்துருவில் வந்தால் திறந்ததும் கட்டம் கட்டமாகத் தெரியும், அதோடு மூடிவிடுவார்கள்.

எத்தனை நாள் காத்திருக்கலாம்? ஒரே கட்டுரையை ரெண்டு இதழுக்கு அனுப்பலாமா?

இரண்டு வாரம் கழித்து ஒரு நினைவூட்டல். இன்னும் இரண்டு வாரம் பதில் இல்லையென்றால், 'இதை வேறு இதழுக்கு அனுப்புகிறேன்' என்று ஒரு வரி எழுதிவிட்டு அனுப்புங்கள். ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு அனுப்பி இரண்டிலும் வந்துவிட்டால் இரண்டு கதவும் மூடிக்கொள்ளும். இந்த உலகம் சிறியது, ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள்.

சன்மானம் எவ்வளவு வரும்? வீட்ல அம்மா கேட்கிறாங்க, இதை வச்சுக் குடும்பம் நடத்த முடியுமான்னு.

அம்மா கேட்பது நியாயமான கேள்வி. வெளியிலிருந்து எழுதும் சன்மானத்தை மட்டும் வைத்து, தொடக்கத்தில், முடியாது. கட்டுரைக்கு இவ்வளவு அல்லது பக்கத்துக்கு இவ்வளவு என்று தருவார்கள்; வெளியான பிறகுதான் தருவார்கள். சங்க இதழ்கள் பெரும்பாலும் தருவதில்லை. ஆங்கில இதழ்களில் தமிழைவிடக் கூடுதலாகக் கிடைப்பது வழக்கம். எனவே தமிழில் எழுதினாலும், ஒரு பக்க ஆங்கிலக் கட்டுரை எழுதும் அளவுக்குக் கையைப் பழக்கிக்கொள்வது நல்லது.

எனக்குத் தெரிந்து இதில் நிலைத்தவர்கள் எல்லோரும் இரண்டு மூன்று வரவுகளைச் சேர்த்துத்தான் நிலைத்தார்கள். பாதி நாள் வேறு வேலை. அப்புறம் மொழிபெயர்ப்பு, பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பது, அருங்காட்சியகக் குறிப்புகள் எழுதுவது. மேலே சொன்ன சரிபார்க்கும் திறமை இவை எல்லாவற்றிலும் விலைபோகும். எழுத்தைவிட அதற்குத்தான் சீக்கிரம் காசு வருகிறது. வேலையை ஒப்புக்கொள்ளும்போதே தொகை எவ்வளவு, எப்போது என்று மெயிலில் கேட்டு வாங்கிவிடுங்கள். பான் அட்டை இருக்கட்டும், நிறுவனம் சன்மானத்திலிருந்து முன்கூட்டியே டி.டி.எஸ். என்ற வரியைப் பிடித்து, அது நீங்கள் கட்ட வேண்டிய வரியைவிட அதிகமாக இருந்தால், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து அந்த அதிகத்தைத் திரும்பப் பெறலாம்.

"முதல் ஆறு மாசம் சம்பளம் கிடையாது, ஆனா உங்க பேர் வரும்"னு ஒரு இதழ்ல சொல்றாங்க. சேரலாமா?

சேர வேண்டாம். லாபநோக்கம் இல்லாத சங்கத்துக்கு விரும்பி எழுதிக்கொடுப்பது வேறு. விளம்பரம் வாங்கி, விலைபோட்டு விற்கும் இதழ் தினமும் அலுவலகத்துக்கு வரச் சொல்லிவிட்டுக் காசு தர மறுப்பது உழைப்பைத் திருடுவது. ஒரு மாதப் பயிற்சி, அதில் போக்குவரத்துச் செலவாவது தருகிறார்கள், யார் கற்றுத்தருவார் என்று தெளிவாகச் சொல்கிறார்கள் என்றால் யோசிக்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

இன்னும் கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கை வீட்டில் இருந்தால், விகடனின் மாணவப் பத்திரிகையாளர் திட்டம் பற்றி அவர்களிடம் சொல்லுங்கள். இன்று தமிழ் ஊடகங்களில் இருக்கும் பலர் அங்கே பழகி வந்தவர்கள்தான்.

நான் எழுதின கட்டுரை என்னோடதா, இதழோடதா? பின்னாடி புத்தகமா போட முடியுமா?

1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி, வெளியிலிருந்து எழுதுகிறவர்தான் தன் கட்டுரையின் முதல் உரிமையாளர். உரிமையை மாற்றிக் கொடுப்பதென்றால் எழுத்தில் இருக்க வேண்டும். அந்த எழுத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது. இதழில் சம்பளத்துக்கு இருப்பவர் கதை வேறு: வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, இதழ்களில் வெளியிடும் உரிமை நிறுவனத்துக்கு, புத்தகம் முதலான மற்ற உரிமைகள் எழுதியவருக்கு.

அந்த 'வேறு ஒப்பந்தம் இல்லாதவரை' என்பதுதான் கவனிக்க வேண்டிய இடம். வேலையில் சேரும்போது தரும் தாள்களில் எல்லா உரிமையும் நிறுவனத்துக்கே என்று ஒரு வரி இருக்கலாம். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். புத்தக உரிமையை மட்டுமாவது கேட்டுப் பாருங்கள், பல இடங்களில் விட்டுக்கொடுக்கிறார்கள்.

கம்பெனி பைக்கை ரெண்டு நாள் ஓட்டிப் பார்க்கத் தர்றாங்க, ஓட்டல் ரூமும் போட்டுத் தர்றாங்க. குறை எழுதினா அடுத்த தடவை கூப்பிடுவாங்களா?

கூப்பிடாமல் போகலாம். வண்டி, கேமரா, தொலைநோக்கி என்று விலை உயர்ந்த பொருள்களைச் சுற்றிய எல்லா ஹாபியிலும் இந்த நெருக்கடி உண்டு. விமர்சனத்துக்கு வண்டி வாங்குவது தவறில்லை. எந்த இதழும் எல்லா வண்டியையும் காசு கொடுத்து வாங்க முடியாது. பயணமும் தங்குமிடமும் நிறுவனத்துடையது என்பதைக் கட்டுரையிலேயே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். அப்புறம் குறையை அளந்து எழுதுங்கள். 'பிரேக் சரியில்லை' என்று எழுதினால் சண்டை வரும். எந்த வேகத்தில், எந்தச் சாலையில், ஈரமா காய்ந்த தரையா, எத்தனை மீட்டரில் நின்றது என்று எழுதினால் நிறுவனமும் மறுத்துப் பேச முடியாது. உங்கள் எழுத்தை நம்பி ஒருவர் கடன் வாங்கி அந்த வண்டியை எடுக்கப்போகிறார்.

விளம்பரப் பிரிவிலிருந்து 'இந்தப் பத்தியை எடுத்துவிடுங்கள்' என்று வந்தால் நீங்கள் பதில் சொல்லாதீர்கள். ஆசிரியரிடம் அனுப்புங்கள். அது அவர் பொறுப்பு.

எங்க ஊர்ப் பக்கம் அபூர்வமான ஒரு ஆந்தை கூடு வச்சிருக்கு, எனக்கு மட்டும்தான் இடம் தெரியும். இதை எழுதினா பெரிய கட்டுரையா வருமே?

வரும். ஆனால் இடத்தை எழுதாதீர்கள். கட்டுரை வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை கேமராவோடு கூட்டம் வரும், தாய்ப்பறவை கூட்டை விட்டுப் போய்விடலாம். பிடித்து விற்கிறவர்களும் படிக்கிறார்கள். மூடநம்பிக்கையால் ஆந்தைகளுக்கு அந்த ஆபத்து அதிகம். இ-பேர்டே சில பறவைகளின் பதிவு இடத்தைப் பொதுவில் காட்டாமல் மறைத்து வைக்கிறது. 'மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில்' என்ற அளவு போதும். படக் கோப்பிலேயே பதிவாகியிருக்கும் இடக்குறியீட்டையும் (ஜி.பி.எஸ்.) நீக்கிவிட்டு அனுப்புங்கள். கூட்டின் படத்தை வெளியிடுவதே இல்லை என்று வைத்திருக்கும் ஆசிரியர்கள் உண்டு, நானும் அந்தப் பக்கம்தான். குஞ்சுகள் பறந்துபோன பிறகு எழுதலாமே.

என் கட்டுரைல தப்பு இருக்குன்னு வாசகர் ஒருத்தர் கடிதம் போட்டிருக்கார். அவர் அந்தத் துறையில 40 வருஷம் இருந்தவராம். பேர் கெட்டுடுமா?

ஹாபி இதழின் வாசகர் உங்களைவிட அதிகம் தெரிந்தவர் என்று எண்ணிக்கொண்டே எழுத வேண்டும். அவர் சொல்வதை மூலத்தில் சரிபாருங்கள், மேலே தபால்தலைக்குச் சொன்ன அதே முறைதான். அவர் சொல்வது சரியென்றால் அடுத்த இதழில் அவர் பெயரோடு திருத்தம் போடச் சொல்லிக் கேளுங்கள். சென்னை வரலாற்றை எழுதிய எஸ். முத்தையா, தி இந்து நாளிதழில் தன் வாரப் பத்தியின் ஒரு பகுதியையே வாசகர் கடிதங்களுக்கு ஒதுக்கியிருந்தார். திருத்தங்களும் கூடுதல் தகவல்களும் அங்கே தொடர்ந்து வந்தன. 2019ல் அவர் மறையும்வரை அந்தப் பத்தி வந்தது. அதனால் அவர் மேல் இருந்த நம்பிக்கை கூடத்தான் செய்தது.

கடிதம் போட்டவரின் முகவரியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கட்டுரையை அச்சுக்கு முன் அவரிடம் காட்டலாம்.

சேர்ந்த பிறகு இதழே நின்னுபோனா என்ன பண்றது?

நடக்கக்கூடியதுதான், பெரிய இடங்களிலும் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் ஹாபி இதழ்கள் பல நடத்திய எஃப் பிளஸ் டபிள்யூ மீடியா என்ற நிறுவனம் 2019ல் திவாலானது. அதனிடம் இருந்த ஸ்கை அண்ட் டெலஸ்கோப் 1941லிருந்து வரும் வானியல் இதழ்; அதை அமெரிக்க வானியல் கழகம் வாங்கி நடத்துகிறது. ரயில் மாதிரிகள் செய்கிறவர்களுக்காக 1934ல் தொடங்கிய மாடல் ரயில்ரோடர் இதழ் 2024ல் கைமாறியது. இதழ் பிழைத்தாலும் ஆட்கள் மாறுவார்கள், நின்றால் பழைய கட்டுரைகள் வலையிலிருந்தும் காணாமல் போகும்.

அதனால் உங்கள் கட்டுரை வந்த ஒவ்வொரு இதழிலும் ஒரு படியை வீட்டில் வையுங்கள், பக்கத்தை பி.டி.எஃப்.ஆகவும் எடுத்து வையுங்கள். ஆதாரக் குறிப்புகளும் பேட்டி ஒலிப்பதிவுகளும் அலுவலகக் கணினியில் மட்டும் இருக்கக் கூடாது. அவற்றை எடுத்துச் செல்ல அனுமதி உண்டா என்று சேரும்போதே கேட்டுவிடுங்கள். உரிமை யாரிடம் என்று முன்பு சொன்ன பதிலைப் பார்த்து, உரிமை பற்றி இதழிலிருந்து வந்த மெயிலையும் இவற்றோடு சேர்த்து வையுங்கள். இதழ் நிற்கப்போகிறது என்று தெரிந்தால், வரவேண்டிய சன்மானத்தை அந்த வாரமே எழுத்தில் கேளுங்கள்.